நூற்று இருபத்தெட்டு

பழைய காற்றுப் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது.
கடித்த நுரைத்துணியின் நடுவே
கண் திறக்காத மூன்று குட்டிகள்.
செம்பனை மட்டைக் குவியலோரம் விட்டு வந்தேன்.
பிறகு போய்ப் பார்க்கவில்லை.

பெட்டியை எறிந்த இடத்தில்
நாற்பத்தைந்து வெள்ளிக்கு ஒரு கூம்பு வடிகட்டி,
சிவப்புத் துணி, பளபளக்கும் மூக்கு.
அன்றிலிருந்து என் ஆர்எக்ஸ்ஸிக்கு
மூச்சு இழுக்கத் தடையில்லை.
இழுத்த மூச்சுக்குத்தான் பெட்ரோல் போதவில்லை.
மூன்றாம் கியரில் பாதி முறுக்கினால்
விக்குகிறது,
சாப்பாட்டுக்கு நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டவனைப் போல.

லாபிஸ் பசார் தெருவில் ஆ சூன்
பிலிம் டப்பாவைக் கவிழ்த்தார்.
மேசைமேல் பித்தளை ஜெட்டுகள், அரிசி அரிசியாய்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எண்,
நடுவில் தலைமுடி நுழையுமளவு ஓட்டை.
"உன்னோடது நூத்தி இருவது. பெருசு போடு."
எவ்வளவு பெரிசு?
"அது பிளக்குக்குத்தான் தெரியும்."

ஆலையில் எடை மேடைக் கணக்கு என் வேலை.
லாரிகள் குலையோடு வரும், வெறுமையாய்ப் போகும்,
இரண்டுக்கும் நடுவே உள்ளதை எழுதுவேன்.
பிற்பகல் இரண்டுக்குத்தான் போகணும்.
ஆகவே காலை எட்டுக்கு, வரிசை வீட்டு வாசலில்,
கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி
நூற்று இருபத்தைந்து.

முழு முறுக்கில் தோட்டச் சாலையில் விட்டு
சட்டென எஞ்சினை நிறுத்தி கிளட்சைப் பிடித்து
உருள வேண்டும். பிளக்கின் நிறம் அப்படியே நிற்கும்.
அந்த நூறு மீட்டர் எனக்குப் பிடிக்கும்.
சங்கிலி மட்டும் முனகும்.
காதில் அடைத்திருந்தது விலக
எங்கோ மரத்திலிருந்து குலை ஒன்று
தொம்மென்று இறங்குவது கேட்கும்.

பிளக் வெளுத்திருந்தது, கழுவின எலும்பாய்.
இன்னும் பசி.

திரும்பி வந்தால்
பதினேழாம் எண் வீட்டுச் சன்னல் திறந்திருந்தது.
தவமலர். இரவு முழுக்கக் கையுறைத் தொழிற்சாலை,
ஏழு மணிப் பஸ்ஸில் இறங்கி
இப்போதுதான் படுத்திருப்பாள்.
"தூங்கவே விடமாட்டியா?"
மன்னிப்புக் கேட்டேன்.
சன்னலைச் சாத்தப் போனவள் நின்றாள்.
"நேத்து நாலு தடவ இருமுச்சு.
இன்னைக்கு ரெண்டு தடவதான்.
சர்ச் திரும்பறப்ப ஒண்ணு, மேட்டுல ஒண்ணு."

எனக்குத் தெரியாதது அது.
மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு
எல்லாமே நடுக்கமாகத்தான் கேட்கிறது.

மறுநாள் நூற்று முப்பது.
இருமல் இல்லை, கம்மல்.
பின்னால் நீலப் புகை
கொடியில் காய்ந்த அவளுடைய சீருடை வரை போனது.
பிளக் ஈரக் கறுப்பு, தொட்டால் பிசுபிசுத்தது.
சன்னல் திறந்தது.
"தொண்டையில சளி" என்றாள்.
மூடிவிட்டாள்.

ஆ சூன் இரண்டு நாள் தேடி
நூற்று இருபத்தெட்டைக் கொண்டு வந்தார்.
ஊசியின் கிளிப்பை நடுப் பள்ளத்தில் வைத்து
காற்றுத் திருகை ஒன்றரைச் சுற்று அவிழ்த்தேன்.
மூன்றாம் கியர் கேட்டதைக் கொடுத்தது.
சர்ச் திருப்பம். மேடு.
உருண்டு நின்று பிளக்கைக் கழற்றினால்
ஆறிப்போன தேத்தண்ணி நிறம்.

பதினேழாம் எண்ணைத் தாண்டினேன்.
திரும்பி வந்து தாண்டினேன்.
மூன்றாவது முறை கொஞ்சம் அதிகமாகவே முறுக்கினேன்,
ஒப்புக்கொள்கிறேன்.
சன்னல் அசையவில்லை.

அன்று எனக்கு ஓய்வு நாள்.
மாலை பஸ் நிறுத்தத்தில்
உணவு டப்பாவோடு நின்றிருந்தாள்.
"இன்னைக்கு ஓட்டலையா?"
"ஓட்டினேன். மூணு தடவ."
"அப்ப தூங்கிட்டேன் போல" என்று
தன்னையே சந்தேகிப்பவளாய்ச் சிரித்தாள்.
சட்டைப் பையில் பிளக் இருந்தது.
காட்டலாமா என்று விரல் போனது, எடுக்கவில்லை.

"மழைக்காலம் வந்தா காத்து மாறும்.
ஊசிய ஒரு படி இறக்கணும்.
அப்ப மறுபடி சத்தம் இருக்கும்."

"வியாழக்கிழமையா வச்சுக்க,
அன்னைக்கு எனக்கு லீவு" என்று
ஏறிப் போனாள்.
பஸ் இரண்டாம் கியரில் மேட்டைப் பிடித்தது.
கேட்டுக்கொண்டே நின்றேன்.
அதற்கும் மூச்சு வாங்குகிறது.